டோரண்டில் ஒரு தொடரை இறக்கும்போது சட்டத்தின் கண்ணில் என்ன நடக்கிறது

"டிவி தொடரை டோரண்டில் இறக்குவது குற்றமா?" என்று கேட்டால் இரண்டு வகைப் பதில்தான் வரும். "ஆமாம், திருட்டு" என்பது ஒன்று. "வீட்டில் பார்க்கத்தானே, யார் கேட்கப்போகிறார்கள்" என்பது இன்னொன்று. இரண்டுமே கேள்வியில் உள்ள 'இறக்குவது' என்ற சொல்லைக் கவனிக்காமல் தாண்டிப் போகின்றன. டோரண்டில் யாரும் இறக்க மட்டும் செய்வதில்லை. இறக்கிக்கொண்டே ஏற்றவும் செய்கிறார்கள். சட்டச் சிக்கலில் பெரும்பகுதியும், என் பார்வையில் அறச் சிக்கலில் பாதியும், அந்த ஏற்றுவதில்தான் இருக்கிறது. அதனால் முதலில் அந்த இயந்திரத்தைத் திறந்து பார்த்துவிடுவோம்.

டோரண்டுக்கு அடிப்படை பிட்டோரண்ட் நெறிமுறை, அதாவது பயனர்களின் கணினிகள் தங்களுக்குள் கோப்பைத் துண்டு துண்டாகப் பகிர்ந்துகொள்ளும் விதிமுறை. அதை பிராம் கோஹன் 2001இல் வெளியிட்டார். டோரண்ட் கோப்புக்குள் வீடியோ எதுவும் கிடையாது. பெரிய கோப்பு எத்தனை துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது, ஒவ்வொரு துண்டின் கைரேகை என்ன, யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்ற விவரம் மட்டுமே இருக்கும். ஒரு எபிசோட் 1.5 ஜிபி, துண்டு ஒன்று 2 எம்பி என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 768 துண்டுகள். துண்டுக்கு 20 பைட் நீளமுள்ள எஸ்எச்ஏ-1 ஹாஷ் ஒன்று, அதுதான் அதன் கைரேகை. ஆகக் கைரேகைகள் எல்லாம் சேர்ந்தே 15 கேபிதான். டோரண்ட் கோப்புக்குப் பதிலாகத் தளங்கள் தரும் மேக்னட் லிங்கில் அதுகூட இல்லை. இந்த விவரங்களின் ஒட்டுமொத்தக் கைரேகை மட்டும் இருக்கும். மீதியை டிஎச்டி என்ற பரவலான முகவரிப் புத்தகத்தின் வழியே உங்கள் மென்பொருளே தேடி எடுத்துக்கொள்ளும்.

முக்கியமான இடம் இதற்கு அடுத்தது. ஒரு துண்டு முழுதாக வந்து அதன் ஹாஷ் சரியாக இருந்ததும், "இந்தத் துண்டு என்னிடம் இருக்கிறது" என்று தன்னோடு இணைந்திருக்கும் எல்லோருக்கும் மென்பொருள் அறிவித்துவிடும். அவர்கள் கேட்டால் கொடுக்கும். கொடுப்பவருக்கே வேகமாகக் கிடைக்கும் என்பதுதான் இதன் விதி. யாருக்குக் கொடுப்பது, யாரை நிறுத்தி வைப்பது என்று மென்பொருள் சில நொடிகளுக்கு ஒருமுறை கணக்குப் போடும். அரை நிமிடத்துக்கு ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவருக்கும் வாய்ப்புத் தந்து பார்க்கும். 768இல் பத்துத் துண்டு வந்திருக்கும் நிலையிலேயே நீங்கள் விநியோகஸ்தர் ஆகிவிட்டீர்கள். இறக்கி முடித்ததும் 'சீடர்' ஆகி, நிறுத்தும்வரை கொடுத்துக்கொண்டே இருப்பீர்கள். கணினியைத் திறந்ததும் தானாகத் தொடங்கும்படி மென்பொருள் நிறுவப்பட்டிருந்தால், பார்த்து மறந்துபோன தொடர் மாதக்கணக்கில் ஓடும்.

"ஏற்றும் வேகத்தைப் பூஜ்யம் என்று வைத்துவிட்டால் போதாதா?" என்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கியூபிட்டோரண்ட், மியூடோரண்ட் போன்ற டோரண்ட் மென்பொருள்களில் அந்தக் கட்டத்தில் 0 என்று போட்டால் 'வரம்பில்லை' என்று பொருள். நிறுத்திவிட்டோம் என்று நம்பிக்கொண்டு முழு வேகத்தில் கொடுத்துக்கொண்டிருப்பவர்கள் நிறையப் பேர். இதேபோல, ஓடிடி மாதிரியே தோன்றும் சில செயலிகளின் அடியில் ஓடுவதும் டோரண்ட்தான். 2014இல் வந்த பாப்கார்ன் டைம் அப்படிப்பட்டது. "நான் எதையும் இறக்கவில்லை, ஓடவிட்டுப் பார்த்தேன்" என்று நினைத்த ஜெர்மனிப் பயனர்கள் பலருக்கு வழக்கறிஞர் கடிதம் வந்தது அதனால்தான்.

இறக்குவது ஒரு சட்டம், ஏற்றுவது இன்னொரு சட்டம்

சொல் விஷயத்தில் ஒரு தெளிவு. பத்திரிகைகளில் காப்புரிமை என்று எழுதுவதைப் பார்க்கிறோம். கண்டுபிடிப்புகளுக்குத் தரப்படுவது காப்புரிமை. எழுத்து, இசை, படம், தொடர் ஆகியவற்றுக்கு உரியது பதிப்புரிமை. இது பதிவு செய்தால்தான் வரும் என்பதில்லை. 1886இல் கையெழுத்தான பெர்ன் உடன்படிக்கையின் வழியில் இன்று ஏறத்தாழ எல்லா நாடுகளிலும் படைப்பு உருவானதுமே உரிமையும் பிறந்துவிடுகிறது. ஒரு எபிசோடில் எந்த எச்சரிக்கை வாசகமும் இல்லை என்பதால் அது பொதுச்சொத்து ஆகாது.

அந்த உரிமைக்குள் பல உரிமைகள் உண்டு. நகல் எடுப்பது ஒன்று. பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வது வேறொன்று. சொந்தப் பயன்பாட்டுக்கு நகல் எடுப்பதைப் பல நாடுகள் ஓரளவு விட்டுவைத்திருக்கின்றன. பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்வதை யாரும் விட்டுவைக்கவில்லை. சுவிட்சர்லாந்தைப் பார்த்தால் இந்த வேறுபாடு பளிச்சென்று தெரியும். அங்கே சொந்தமாகப் பார்ப்பதற்கு இறக்குவது, அனுமதியில்லாத மூலத்திலிருந்து வந்தாலும், சட்டப்படி சரி. 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமும் அதை மாற்றவில்லை. ஆனால் ஏற்றுவது அங்கேயும் குற்றம். "சுவிட்சர்லாந்தில் டோரண்ட் சட்டப்படி சரி" என்று பரவும் செய்தி பாதி உண்மை. டோரண்டின் இயல்பு அந்த மீதிப் பாதியையும் செய்துவிடும்.

நெதர்லாந்திலும் ஒரு காலத்தில் இறக்குவது தவறில்லை என்றே இருந்தது. வெற்று டிஸ்க்குகளின்மேல் ஒரு தொகை வசூலித்துப் படைப்பாளிகளுக்குக் கொடுத்தார்கள். 2014 ஏப்ரல் 10 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் அந்த ஏற்பாட்டை முடித்துவைத்தது. மூலமே அனுமதியற்றதாக இருந்தால் அதிலிருந்து எடுக்கும் நகல் 'சொந்த நகல்' விலக்கில் சேராது என்றது. 2017இல், அனுமதியற்ற தளங்களோடு இணைத்து விற்கப்பட்ட ஒரு பெட்டி பற்றிய வழக்கில், தெரிந்தே அத்தகைய மூலத்திலிருந்து ஓடவிட்டுப் பார்ப்பதும் தற்காலிக நகல் என்ற விலக்கில் வராது என்றது. ஐரோப்பாவில் "ஸ்ட்ரீமிங்தானே" என்ற வாதம் அன்றோடு போயிற்று.

ஜப்பான் இன்னும் ஒரு படி மேலே போய், 2012 அக்டோபர் 1 முதல் இறக்குபவருக்கே சிறைத்தண்டனை வைத்தது. அதிகபட்சம் 2 ஆண்டு அல்லது 20 லட்சம் யென். ஆனால் அந்தக் குற்றவியல் தண்டனை, காசுக்கு விற்கப்படும் இசைக்கும் வீடியோவுக்கும்தான். இலவசமாக ஒளிபரப்பாகி எங்குமே விற்பனைக்கு வராத நிகழ்ச்சியைத் தெரிந்தே இறக்கினால் அது சட்டமீறல்தான், உரிமைதாரர் வழக்குப் போடலாம், ஆனால் அந்தச் சிறைத்தண்டனைப் பிரிவு பாயாது. டிவி நிகழ்ச்சி சினிமாவைப் போல அல்ல என்பதை இவ்வளவு நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் சட்டங்கள் குறைவு.

இந்தியாவின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்திலும் டிவிக்கென்றே ஒரு சலுகை உண்டு. ஒளிபரப்பைத் தானே பதிவு செய்து தானே பார்ப்பது ஒளிபரப்பாளரின் உரிமையை மீறியதாகாது என்கிறது 39ஆம் பிரிவு. கவனியுங்கள், பதிவு செய்பவரும் பார்ப்பவரும் ஒருவராக இருக்க வேண்டும். தெரிந்தே உரிமையை மீறுவதற்கு 63ஆம் பிரிவில் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதமும் இருக்கின்றன. வியாபார லாபம் இல்லையென்றால் நீதிமன்றம் காரணம் எழுதிக் குறைக்கலாம். முடக்கப்பட்ட தளங்களைத் திறந்தால், "பார்ப்பதே தண்டனைக்குரியது" என்ற பொருளில் ஓர் எச்சரிக்கை ஒரு காலத்தில் தோன்றியது. 2016இல் பம்பாய் உயர் நீதிமன்றம் அதைத் திருத்தச் சொன்னது. குற்றம் பார்ப்பதில் இல்லை, அனுமதியின்றி விநியோகிப்பதிலும் பொதுவில் காட்டுவதிலும் வாடகைக்கோ விற்பனைக்கோ விடுவதிலும் இருக்கிறது என்று விளக்கியது. பார்ப்பவர்கள் இதைத் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்கொள்கிறார்கள். டோரண்ட் பயனருக்கு அது சாதகம் இல்லை. விநியோகம் என்ற சொல் அவரைத்தான் சுட்டுகிறது.

"நான் கொடுத்தது ஒன்றுக்கும் உதவாத சிறு துண்டு, அதை மட்டும் வைத்து யாரும் ஒரு காட்சிகூடப் பார்க்க முடியாது" என்ற வாதம் பல ஆண்டுகள் உயிரோடு இருந்தது. கெட்டிக்காரத்தனமான வாதம்தான். 2021 ஜூன் 17 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அதற்கு நேரடியாகப் பதில் சொன்னது. துண்டு தனியாகப் பயன்படுமா என்பது பொருட்டே அல்ல. குறைந்தபட்சம் இத்தனை துண்டு கொடுத்திருக்க வேண்டும் என்ற அளவும் தேவையில்லை. மென்பொருளின் இயல்பைத் தெரிந்து ஏற்றுக்கொண்டு ஓடவிட்டாலே பொதுமக்களுக்குக் கிடைக்கச் செய்ததாகத்தான் பொருள்.

தொகை விஷயத்தில் நாட்டுக்கு நாடு மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். அமெரிக்காவில் உண்மையான நட்டத்தை நிரூபிக்காமலே ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை கேட்கலாம். வேண்டுமென்றே செய்ததென்றால் 1,50,000 வரை. 24 பாடல்களைப் பகிர்ந்த ஒருவருக்கு 2009இல் ஒரு ஜூரி 19.2 லட்சம் டாலர் விதித்தது. மேல்முறையீடுகளுக்குப் பிறகு 2012இல் அது 2,22,000இல் நின்றது. அப்போதும் பாடலுக்கு 9,250 டாலர். கனடா 2012இல் தன் சட்டத்தைத் திருத்தியபோது, வியாபார நோக்கமற்றவருக்கு எல்லா மீறல்களும் சேர்த்து 100 முதல் 5,000 கனடா டாலர் வரை என்று கட்டுப்படுத்தியது. குற்றத்துக்கும் தண்டனைக்கும் ஒரு விகிதம் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்குக் கனடாவின் கணக்கு நியாயமாகப் படும். எனக்கும் அப்படித்தான்.

வீட்டில் பதிவு செய்து பார்த்ததற்கும் இதற்கும் என்ன வேறுபாடு

டிவியை மட்டும் தனியாகப் பேசக் காரணம் இருக்கிறது. சினிமாவுக்கு இல்லாத ஒரு வாதம் டிவிக்கு உண்டு: "காற்றில் இலவசமாக வந்த நிகழ்ச்சி. என் வீட்டு ஆன்டெனாவிலும் வந்தது. அப்போது வீட்டில் இல்லை, இப்போது எடுத்துப் பார்க்கிறேன்."

இந்த வாதத்தின் வேர், பீட்டாமேக்ஸ் என்ற வீடியோ ரெக்கார்டர் பற்றி 1984இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற பிரிவில் தந்த தீர்ப்பு. இலவச ஒளிபரப்பை வீட்டில் விசிஆரில் பதிந்து பிறகு பார்ப்பது நியாயமான பயன்பாடு, அதற்கு அனுமதி தேவையில்லை என்றது அது. ஒரே ஒரு நீதிபதி மறுபக்கம் சாய்ந்திருந்தால் வீடியோ ரெக்கார்டர் என்ற பொருளின் கதையே வேறாகியிருக்கும். ஆனால் அந்தத் தீர்ப்பு இரண்டு கால்களில் நிற்கிறது. நிகழ்ச்சி அந்த வீட்டுக்கே அனுப்பப்பட்டது, பதிந்த நகல் வீட்டைவிட்டு வெளியே போகவில்லை. டோரண்டில் இரண்டு காலும் இல்லை. நகல் இன்னொருவர் எடுத்தது. அது உங்களிடமிருந்து இன்னும் பலருக்குப் போகிறது. ஏரியோ என்ற நிறுவனம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனியாகக் குட்டி ஆன்டெனா வைத்து ஒளிபரப்பை இணையத்தில் அனுப்பிப் பார்த்தது. 2014இல் உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்று அதையே ஏற்கவில்லை. அவ்வளவு பாடுபட்டு ஒரு வீட்டுக்கு ஓர் ஆன்டெனா என்று கட்டியதே நிற்கவில்லை என்னும்போது டோரண்டுக்கு அந்த நிழல் கிடைக்காது.

அறத்தின் பக்கம் நின்று பார்த்தால் இந்த வாதத்துக்குக் கொஞ்சம் கனம் இருக்கிறது என்பதை மறுக்க மாட்டேன். அந்தக் கனம் எந்தக் கோப்புக்குப் பொருந்தும் என்பதைக் கோப்பின் பெயரே சொல்லிவிடும். பெயரில் எச்டிடிவி என்று இருந்தால் ஒளிபரப்பிலிருந்து பிடித்து விளம்பரங்களை வெட்டியது. வெப்-டிஎல் என்று இருந்தால் ஓடிடி சேவையின் கோப்பை அப்படியே எடுத்துப் பூட்டை உடைத்தது. வெப்ரிப் என்றால் ஓடிடியிலிருந்து எடுத்து மறுபடி சுருக்கியது. ப்ளூரே என்று இருந்தால் டிஸ்கிலிருந்து எடுத்தது. "காற்றில் இலவசமாக வந்தது" என்ற வாதம் எச்டிடிவிக்கு ஓரளவு ஒட்டும். வெப்-டிஎல்லுக்கு ஒட்டவே ஒட்டாது. அங்கே நகலெடுப்பதைத் தடுக்கும் டிஆர்எம் பூட்டை உடைத்த தனிக் குற்றமும் சேர்ந்திருக்கிறது. அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டமும், இந்தியாவில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவும் அதைப் பற்றியவை. பூட்டை உடைத்தவர் நீங்கள் இல்லை. ஆனால் எந்தப் பொருள் கையில் இருக்கிறது என்று தெரிந்திருப்பது நல்லது.

சுற்றில் இருக்கும் மற்ற சமாதானங்களை வேகமாகத் தாண்டிவிடலாம். "24 மணி நேரத்துக்குள் அழித்துவிட்டால் தப்பில்லை" என்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. தளங்கள் தங்கள் அடிக்குறிப்பில் தாங்களே எழுதிக்கொண்டது அது. விபிஎன் போட்டால் முகவரி மறையலாம், செயல் மாறாது. சப்டைட்டில் மட்டும் தனியாக எழுதிப் பகிர்வதும் பல இடங்களில் பாதுகாப்பானது அல்ல. வசனத்தின் மொழிபெயர்ப்பு மூலத்தின் வழிப்படைப்பு, அதற்கும் மூல உரிமைதாரரின் அனுமதி வேண்டும். 2017இல் ஆம்ஸ்டர்டாம் நீதிமன்றம் ரசிகர்கள் எழுதும் சப்டைட்டில்களுக்கு எதிராகத்தான் தீர்ப்பளித்தது. காசு வாங்காமல் இரவு பகல் பார்க்காமல் மொழிபெயர்க்கும் ஆட்களை நினைத்தால் இந்தத் தீர்ப்பு மனதுக்கு ஒப்பவில்லை. ஆனால் சட்டம் அதுதான்.

கடிதம் வந்தால்

கண்காணிப்பு நிறுவனங்கள் செய்வதில் மாயம் ஒன்றுமில்லை. அவர்களும் ஒரு பயனராகக் கூட்டத்துக்குள் நுழைகிறார்கள். தங்களுக்குத் துண்டு கொடுத்த ஒவ்வோர் ஐபி முகவரியையும், போர்ட் எண், நேரம், டோரண்டின் ஹாஷ் ஆகியவற்றோடு குறித்துக்கொள்கிறார்கள். பிறகு அந்த முகவரி யாருடையது என்று இணைய நிறுவனத்தைக் கேட்கிறார்கள், அல்லது நீதிமன்றம் வழியாகக் கேட்க வைக்கிறார்கள். கிடைப்பது இணைப்புக்குப் பணம் கட்டுபவரின் பெயர். இறக்கியவரின் பெயர் அல்ல. இந்த இடைவெளி முக்கியமானது. ஐபி முகவரியின் சந்தாதாரர் என்பது மட்டும் ஒருவர்மேல் வழக்கு நிற்கப் போதாது என்று 2018இல் அமெரிக்காவின் ஒன்பதாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இணைப்பு இருந்தது பலர் தங்கிய ஒரு பராமரிப்பு இல்லத்தில்.

தவறு நடக்கும் இடங்களும் உண்டு. பல இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியை நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன. போர்ட் எண்ணும் துல்லியமான நேரமும் இல்லாமல் அதில் ஒருவரைப் பிரித்தெடுக்க முடியாது. கடிதத்தில் நேரம் பெரும்பாலும் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருக்கும். உள்ளூர் நேரம் என்று நினைத்துக்கொண்டு "அப்போது வீட்டில் யாருமே இல்லையே" என்று பதில் எழுதினால் அந்தப் பதிலே எதிராகத் திரும்பும்.

ஆகவே கடிதம் வந்ததும் முதலில் அது எந்த வகை என்று பார்க்க வேண்டும். இணைய நிறுவனம் வெறுமனே அனுப்பிவைத்த அறிவிப்பா, வழக்கறிஞரின் கோரிக்கையா, நீதிமன்றச் சம்மனா? மூன்றுக்கும் கெடு வேறு, விளைவு வேறு. கனடாவில் 2015 முதல் அறிவிப்பை நிறுவனம் அனுப்பியே ஆக வேண்டும், பெயரைத் தானாகக் கொடுக்காது. அந்த அறிவிப்புக்குள்ளேயே "இவ்வளவு கட்டினால் விட்டுவிடுகிறோம்" என்று எழுதி மிரட்டும் வழக்கம் வளர்ந்தது. 2018 டிசம்பரில் அப்படி எழுதக்கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. ஜெர்மனியில் வருவது வேறு மாதிரி. பல நூறு யூரோ கேட்கும் கடிதத்தோடு, "இனிமேல் செய்ய மாட்டேன், செய்தால் அபராதம் கட்டுகிறேன்" என்ற உறுதிமொழிப் படிவமும் இணைத்திருப்பார்கள். பணத்தைவிட அந்தப் படிவம்தான் கனமானது. கையெழுத்துப் போட்டால் பல பத்தாண்டுகள் கட்டும் ஒப்பந்தம். அவர்கள் அனுப்பிய வாசகத்தில் அப்படியே கையெழுத்திடாமல், தெரிந்த வழக்கறிஞரிடம் காட்டிச் சுருக்கிய வாசகத்தில் கொடுப்பதே வழக்கம். வழக்கறிஞர்களின் வேட்டையைக் குறைக்க அங்கே 2013இல், தனிநபருக்கு வரும் முதல் கடிதத்துக்கான வழக்கறிஞர் கட்டணத்தை, வழக்கின் மதிப்பு 1,000 யூரோ என்று வைத்துத்தான் கணக்கிடலாம் என்று கட்டுப்படுத்தினார்கள். நட்ட ஈடு அதில் சேராது.

எந்த வகைக் கடிதமானாலும் சில காரியங்கள் பொது. உடனே போன் செய்து நடந்ததையெல்லாம் ஒப்பிக்கக் கூடாது. கணினியை அழித்துத் துடைக்கவும் கூடாது. வழக்கு வந்தால் அதுவே தனிக் குற்றச்சாட்டாகும். ஓடிக்கொண்டிருக்கும் டோரண்டை நிறுத்துங்கள், உறையோடு கடிதத்தைப் பத்திரப்படுத்துங்கள், ரவுட்டரில் எந்தெந்தக் கருவி இணைந்திருந்தது என்ற பதிவு இருந்தால் படம் பிடித்து வையுங்கள். வைஃபை கடவுச்சொல் வீட்டுக்கு வந்துபோகும் எல்லோருக்கும் தெரியுமா என்று யோசித்துப் பாருங்கள். சம்மன் என்றால் கெடு நாளைத் தவறவிடவே கூடாது. நீங்கள் வராவிட்டால் வழக்குப் போட்டவர் கேட்ட தொகையை நீதிமன்றம் அப்படியே விதித்துவிடக்கூடும்.

யாருக்கு நட்டம்

இறக்கிய ஒவ்வொன்றும் விற்பனையாகியிருக்கும் என்று தயாரிப்பு நிறுவனங்கள் போடும் கணக்கை நான் நம்புவதில்லை. ஆயிரம் பேர் இறக்கினார்கள் என்றால் அந்த ஆயிரம் பேரும் வாங்கியிருப்பார்கள் என்பது நடக்காத காரியம். ஆனால் "யாருக்கும் நட்டமே இல்லை" என்பதும் பொய்தான். அமெரிக்க எழுத்தாளர் சங்கம் 2023இல் 148 நாள் வேலைநிறுத்தம் செய்து பெற்றவற்றில் ஒன்று இது: ஒரு ஓடிடி தொடரை முதல் 90 நாட்களுக்குள் அந்தச் சேவையின் உள்நாட்டுச் சந்தாதாரர்களில் 20 சதவீதத்துக்குச் சமமானோர் பார்த்தால், எழுத்தாளருக்கு வழக்கமான மறுபயன்பாட்டுத் தொகையில் பாதி கூடுதலாக வரும். அந்த 20 சதவீதத்தில் டோரண்டில் பார்த்தவர் எண்ணப்படுவதில்லை. சந்தா கட்டிவிட்டு, வசதிக்காக டோரண்டில் இறக்கிப் பார்ப்பவரும் எண்ணப்படுவதில்லை. "காசு கொடுத்துவிட்டேனே" என்பவர் தவறவிடும் இடம் இது. காசு நிறுவனத்துக்குப் போய்விட்டது, பார்வைக் கணக்கு எழுதியவருக்குப் போகவில்லை. அடுத்த சீசன் வருமா என்பதையும் அந்தக் கணக்குதான் பெரிதும் தீர்மானிக்கிறது. பிடித்த தொடர் பாதியில் நின்றுவிட்டதே என்று வருந்துபவர்கள், அதைத் தாங்கள் எப்படிப் பார்த்தோம் என்றும் நினைத்துப் பார்க்கலாம்.

எங்குமே கிடைக்காத தொடருக்கு மட்டும் என் மனம் இளகும். கிடைக்காமல் போவதற்குப் பல காரணங்கள். உரிமம் நாடு நாடாக, காலம் காலமாக வெட்டி விற்கப்படுகிறது. ஒரு நாட்டில் வாங்கியவர் வெளியிடாமல் வைத்திருந்தால் மற்றவரும் வெளியிட முடியாது. பழைய தொடர்களில் பின்னணியில் ஒலித்த பாடல்களுக்கு ஒளிபரப்புக்கு மட்டும் உரிமம் வாங்கியிருப்பார்கள். டிஸ்க்குக்கோ ஓடிடிக்கோ மறுபடி வாங்குவது கட்டுப்படியாகாது. தயாரித்தவர்களே எடுத்துவிடுவதும் உண்டு. 2022 ஆகஸ்டில் எச்பிஓ மேக்ஸ் சேவை தன் சொந்தத் தொடர்கள் உட்படப் பலவற்றை ஒரே வீச்சில் நீக்கியது. டிஸ்கே வெளிவராத தொடர் அப்படிப் போனால் காசு கையில் இருந்தும் வாங்க வழியில்லை.

பாதுகாப்பதை நிறுவனங்களிடம் மட்டும் விட்டதன் விலையும் நமக்குத் தெரியும். 1960களிலும் 70களிலும் பிபிசி மறுபடி பயன்படுத்துவதற்காகத் தன் டேப்புகளை அழித்தது. டாக்டர் ஹூ தொடரில் படம் அழிந்துபோன எபிசோடுகளின் ஒலி மட்டும் முழுக்கப் பிழைத்தது. காரணம், நேயர்கள் வீட்டில் டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார்கள். அமெரிக்காவில் மரியன் ஸ்டோக்ஸ் என்ற பெண்மணி முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இரவு பகலாகத் தொலைக்காட்சியைப் பதிந்தார். 2012இல் அவர் இறந்தபோது சுமார் 70,000 டேப்புகள் சேர்ந்திருந்தன. அவை இன்டர்நெட் ஆர்கைவ் என்ற இணையக் காப்பகத்துக்குப் போயின. எந்த நிலையமும் அதை அப்படிச் சேர்த்து வைக்கவில்லை.

ஆனால் இந்த நியாயத்தைச் சட்டத்தின் கணக்கில் எழுதிவிடக் கூடாது. கிடைக்காத தொடரை இறக்குவதும் சட்டப்படி மீறல்தான். அறத்தில் எனக்குச் சரியென்று படுவது நீதிமன்றத்தில் வாதமாகாது. இந்த நியாயத்தை நேற்று ஒளிபரப்பாகி இன்று ஓடிடியில் இருக்கும் தொடருக்குக் கடன் வாங்குபவர்கள்மேல் எனக்குக் கோபமே வரும். அரிதானதைக் காப்பவர்களின் பெயரைக் கெடுப்பது அவர்கள்தான்.

உண்மையாகவே கிடைக்கவில்லையா என்று பார்க்கக் கொஞ்சம் உழைப்பு தேவை. தொடரின் மூலமொழிப் பெயரில் தேடுங்கள், மற்ற நாடுகளில் வேறு பெயரில் வந்திருக்கும். வெளிநாட்டு டிஸ்க் கிடைத்தால் மண்டலக் குறியீட்டைப் பாருங்கள். டிவிடியில் 1 முதல் 6 வரை, ப்ளூரேயில் ஏ, பி, சி. உங்கள் பிளேயர் எல்லா மண்டலமும் படிக்கும் வகையா என்று வாங்கும் முன்பே தெரிந்துகொள்ள வேண்டும். நூலகங்களின் வீடியோத் தொகுப்பைக் கேளுங்கள். ஒளிபரப்பிய நிலையத்துக்கு எழுதுங்கள். எழுதும்போது தலைப்பு, ஒளிபரப்பான ஆண்டு, எபிசோட் எண் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டால் பதில் வர வாய்ப்பு அதிகம்.

டோரண்ட் என்ற கருவியில் குற்றமில்லை என்பதற்கு ஒளிபரப்பாளர்களே சாட்சி. 2008 மார்ச்சில் கனடாவின் சிபிசி தன் நிகழ்ச்சி ஒன்றைப் பூட்டு எதுவும் இல்லாமல் டோரண்டில் வெளியிட்டது. நார்வேயின் என்ஆர்கே 2009இல் ஒளிபரப்பிய பெர்கன் ரயில் பயணம் ஏழு மணி நேரத்துக்கும் மேலானது. அதன் முழு எச்டி காட்சியை, எல்லோரும் பகிர அனுமதிக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் டோரண்டாகவே கொடுத்தார்கள். அவ்வளவு பெரிய கோப்பை ஒரே சர்வரிலிருந்து எல்லோருக்கும் கொடுப்பது செலவு, பார்ப்பவர்களே ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்டால் அது பெரிதும் குறைந்துவிடும். இன்டர்நெட் ஆர்கைவும் 2012 முதல் தன் கோப்புகளுக்கு டோரண்ட் தருகிறது. ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம் என்பதால், அங்கே இருப்பதெல்லாம் அனுமதி பெற்றது என்று நினைக்கக் கூடாது. ஏற்றியவர் உரிமைதாரரா, உரிமம் என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். 1950களின் அமெரிக்கத் தொடர்கள் சிலவற்றுக்கு 28ஆம் ஆண்டில் புதுப்பிக்காமல் விட்டதால் பாதுகாப்பு போய்விட்டது. அவற்றிலும் தலைப்பு இசைக்கோ மூலக்கதைக்கோ உரிமை மிச்சமிருக்கலாம். உரிமம் என்ற இடம் காலியாக இருந்தால் அனுமதி இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும்.